மூன்று நிமிடத் தண்ணீர்

நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு வண்டிகள் இரண்டு. ஒன்று, ஜப்பானிலிருந்து பழையதாக வந்த தண்ணீர் லோரி. அதன் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது. மற்றது ஓர் ஆம்புலன்ஸ் வேன். லோரியை ஓட்டுவது மோகனராஜ். வயது ஐம்பத்து நான்கு, தொழிற்சாலை டெக்னீஷியன். மனைவி குணவதி இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ரூபினி கல்யாணமாகி கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கிறாள். மற்றவர்கள் முறை வந்தால்தான் நிலையத்துக்கு வருவார்கள். மோகனராஜ் வேலை இல்லாத நாளெல்லாம் வந்துவிடுவார். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட லோரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவருடையது பழைய தோட்டத்து இரட்டை வீடு. நடுவில் ஒரே பலகைச் சுவர். அந்தப் பக்கம் நல்லமுத்து. வேலிக்காக ஆரம்பித்த சண்டையில் பேச்சு நின்று ஆறு வருடம். குணவதியின் சாவுக்குக்கூட நல்லமுத்து வேலிவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அந்தம்மா இருமுவது சுவர் வழியாகக் கேட்கும். பல நாட்களில் மோகனராஜ் தன் வீட்டில் கேட்ட ஒரே மனிதச் சத்தம் அதுதான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மழை பெய்து ஐந்து வாரமாகியிருந்தது. தோட்டத்து ஓரத்தில் பற்றிய லாலான் புல்லை அணைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழு இளைஞன் யுகேந்திரனின் கைப்பேசிக்கு அடுத்த அழைப்பு வந்தது. முகவரியைப் படித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நம்ம வரிசைதானே," என்றார் மோகனராஜ். "நம்பர் என்ன?"

"பதினாலுண்ணே."

அது அவருடைய வீடு.

போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு அடுப்படி முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. தீ நடுச்சுவரின் மேல்பக்கமாக ஊர்ந்து கூரையைப் பிடித்திருந்தது. மனைவியைத் தனியாகத் தூக்க முடியாமல் நல்லமுத்து வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸில் வந்த தாதி ஷாஹிரா ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு அவரோடு உள்ளே ஓடினாள். லோரியில் கால்வாசித் தண்ணீர்தான் மிச்சம். மூன்று நிமிடத்துக்கு வரும். டவுனிலிருந்து அரசுத் தீயணைப்புப் படையான போம்பா வர இன்னும் பத்து நிமிடம் ஆகும்.

யுகேந்திரன் குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். "அண்ணே, உங்க ஹால் இன்னும் பிடிக்கல. இப்ப அடிச்சா காப்பாத்திடலாம்."

"அங்க யாரும் இல்ல," என்றார் மோகனராஜ். "அந்தம்மா கட்டில் சுவர் ஓரமா இருக்கு. சுவர்ல அடி."

அந்தக் கட்டிலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இருமல் வரும் இடத்தை வைத்துத்தான் சொன்னார். யுகேந்திரன் அடித்தான். தண்ணீர் தீர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது. சுவர் கருகினாலும் நின்றது. மோகனராஜ் பக்கத்துக் கூரை சத்தத்தோடு உள்ளே விழுந்தது.

டவுன் போம்பா வந்து மிச்சத்தை அணைத்தது. அதிகாரி ஒருவர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் என்று சொல்லிவிட்டு மோகனராஜ் லோரியின் படியில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் ஹாலில் தொங்கிய காலண்டர் ஞாபகம் வந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய காலண்டர். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதிகளைக் குணவதி தன் கையெழுத்தில் குறித்திருந்தாள். கடைசித் தேதிக்கு அவள் போகவில்லை. அந்தத் தாளை அவர் திருப்பவே இல்லை. அங்கே யாரும் இல்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் நல்லமுத்து நிலையத்துக்கு வந்தார். மனைவி தேறிவிட்டதாகவும் நாளை வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு லோரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குணவதி சாவுக்கு நான் உள்ள வந்திருக்கணும்," என்றார்.

"வந்திருக்கலாம்ண்ணே," என்றார் மோகனராஜ்.

நல்லமுத்து மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

ரூபினி வந்து அப்பாவை டத்தோ கிராமாட்டுக்கு அழைத்துப் போனாள். எட்டாவது மாடி. மகளும் மருமகனும் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். கீழே ஜாலானில் போகும் வண்டிகளுக்கு நடுவே சைரன் கேட்டால் மோகனராஜ் எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலருகே நிற்பார். அது போகும் திசைகூட அங்கிருந்து தெரியாது. பத்தாம் நாள் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் வந்து, கொமுட்டர் ரயில் பிடித்து நிபோங் திபாலுக்குத் திரும்பிவிட்டார். நிலையத்தின் பின்னால் குழாய்கள் வைக்கும் அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டார்.

ரூபினி போனில் அழுதாள். "அப்பா, அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

"யாராச்சும் கூப்பிடுவாங்கம்மா," என்றார்.

ஏப்ரலில் நல்ல மழை. மூன்று வாரமாக ஒரு தீயும் இல்லை, ஆம்புலன்ஸும் நகரவில்லை. வேலைக்குப் போகுமுன் தினமும் அவர் இரண்டு வண்டிகளையும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடுவில் நிற்பார். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டுவார்.