சுஜிதா எங்கே நடப்பாள்?

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே ஆராய்ச்சிதான். சுஜிதா எங்கே நடப்பாள்? அந்தச் சுஜிதா நான்தான். என்னைத் தவிர எல்லாரும் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. "மாத்திரை இப்ப வேண்டாம். மூணு மாசம் தினமும் வேகமா நடங்க, அப்புறம் பார்க்கலாம். முதல்ல எங்கே நடக்கிறதுன்னு ஒரு இடத்தை முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை. என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மீதி விரல்களுக்கு நகம் வெட்டிவிட்டவள் நான். அந்தக் கால் என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

என் கணவர் ஜெரின் நல்லவர்தான். அதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது எனக்கு வந்து சொல்வார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் வாடிப்போயிற்று. அன்றைக்கே இடம் தேட ஆரம்பித்துவிட்டார். அடேயப்பா, பெண் கொடுக்க மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இப்படி அலைய மாட்டார்கள்.

முதலில் ஜிம். "லேடீஸ் பேட்ச் இருக்கு சுஜி. மெஷின் எல்லாம் புதுசு" என்றார். லேடீஸ் பேட்ச் காலை பதினொரு மணிக்காம். அந்த நேரத்தில் நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, சீட் இல்லை என்று சொன்ன பாவத்துக்கு மூன்று பாஷையில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். சாயங்காலப் பேட்ச் ஏழு மணிக்கு. அப்போது எனக்கு ஒரு கையில் சப்பாத்திக் கட்டை, இன்னொரு கையில் ஆன்சியின் கணக்கு நோட்டு. வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பிள்ளையே இருக்காது என்று யாரோ முடிவுகட்டித்தான் அந்த டைம் டேபிளைப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்து ரங்கத் என்ற ஊரிலிருந்து ஜெரினின் தங்கை பிரிஸ்கில்லா போன் செய்தாள். "மைனி, என்னத்துக்கு வெளிய அலையுறீங்க? போன்ல வீடியோ போட்டு வீட்டுலயே செய்யுங்க. நான் அப்பிடித்தான் செய்யுதேன்." அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சரி என்று ஹாலில் பாய் விரித்தேன். போனில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குனியச் சொன்னாள். நான் குனிந்த மறு நிமிஷம் ஐந்து வயது ஜோயல் முதுகில் ஏறிவிட்டான். "சலோ மம்மி, சலோ!" என்று ஒரே கூத்து. ஆன்சி தன் முறை எப்போது என்று கேட்டாள். பாயைச் சுருட்டிவிட்டேன்.

மொட்டை மாடியையும் பார்த்தேன். இரண்டு தண்ணீர் டாங்க், நான்கு வீட்டு ஈரத்துணி. யாருடைய வேட்டியோ முகத்தில் அறைந்ததோடு அந்த நடையும் முடிந்தது.

மிச்சம் இருந்தது மின்னி பே கடலோர ரோடு. கவுண்டரை மூடி நான் வெளியே வரும்போது ஐந்தரை. மெயின்லேண்டில் அது சாயங்காலம். எங்கள் தீவில் நவம்பரில் ஐந்தரை என்றால் கும்மிருட்டு. எங்கள் சூரியன் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இருந்தாலும் நடந்தேன். நாய்கள் ஒரு பக்கம் குரைத்தன. நாய்களாவது பரவாயில்லை, ஊர்க்காரர்கள்தான் விடவில்லை. இருட்டில் ஒரு பெண் நடந்தால் பார்த்துக்கொண்டு போக அவர்களுக்கு மனசு வராது. "அரே பாபி, பைதல் க்யூன்? பைட்டோ, பைட்டோ" என்று ஜெரினின் வங்காளிச் சிநேகிதர் ஹல்தார் தாதா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். ஏன் நடக்கிறாய், ஏறி உட்கார் என்கிறார். நடக்கத்தான் வந்தேன் என்று சொன்னால், வீட்டில் சண்டையா என்று பார்க்கிறார். ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலைதான் எனக்குப் புத்தி வந்தது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பளபளவென்று விடிந்து கிடக்கிறது. காற்று இல்லை, வெயில் இல்லை, ரோட்டில் ஆட்கள் கை வீசி நடக்கிறார்கள். எங்கள் ஊரில் நடப்பதற்கு என்றே கடவுள் கொடுத்த நேரம் இதுதான். என் பின்னால் ஜெரின் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கம்யூனிட்டி ஹாலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் அவருக்குத் தினமும் பேட்மிண்டன். நான் சமையலறையை விட்டு நகர முடியாத அந்த நேரம் முழுக்க அவருடையது. எட்டு வருஷமாக அப்படித்தான்.

"சுஜி, ஒரு யோசனை" என்றார் லேஸை இழுத்துக்கொண்டே. "லஞ்ச் பிரேக்ல ஒங்க ஆபீஸ் வராண்டாவுலயே நடந்தா என்ன?"

"காலையில நடக்கேன்" என்றேன்.

"காலையில எப்படி? பிள்ளைகளுக்கு யாரு?"

யாரு என்றா கேட்கிறார்! பெற்றவர் கேட்கிறார்! என் கையில் கரண்டி இருந்தது, நல்லவேளை வீசவில்லை.

"நீங்க" என்றேன்.

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தார். அதுதான் என்னை இன்னும் கொளுத்தியது. "அதுக்கில்ல சுஜி, டபுள்ஸ் ஆடுதோம். நான் போகலைன்னா மத்த மூணு பேரும் சும்மா நிப்பாங்க."

"நிக்கட்டுமே. காலுக்கு ஒண்ணும் ஆயிராது. என் அம்மா காலைப் பாத்தவருதானே நீங்க?"

சிரிப்பு நின்றது. ஆனாலும் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாமாம். சாயங்காலம் அவர் பேசியது, சர்ச் காம்பவுண்டில் நடந்தால் என்ன என்று.

பொறுத்தது போதும் என்றாகிவிட்டது எனக்கு.

மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி யூனிஃபார்ம் மாட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சீப்பு, ரிப்பன், எண்ணெய்ப் பாட்டில், இட்லி டப்பா, இரண்டு ஜோடி ஷூ, பைகள், வாட்டர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பெரிய கட்டைப்பையில் போட்டேன். தலை விரிகோலமாக ஆன்சி, வெறுங்காலோடு ஜோயல். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

ஜெரின் ஷட்டிலை மேலே தூக்கி அடிக்கப் போனவர், எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். ஷட்டில் அவர் தோளில் விழுந்தது.

"என்ன சுஜி, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இடம் பாத்துட்டேன்." கட்டைப்பையை பெஞ்சில் வைத்தேன். "இந்த மைதானம்தான். நீங்க ஆடுற கோர்ட்டைச் சுத்தி. ஸ்கூல் பஸ் இந்த மைதான கேட் பக்கத்துலதான் நிக்கும், ஏத்தி விட்டுருங்க."

"எல்லாரும் பாக்காங்க சுஜி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். அவங்க பாக்கணும்னுதான் வந்தேன்."

நடக்க ஆரம்பித்தேன். முதல் சுற்று முடித்து வரும்போது ஜெரின் ஒரு கையில் மட்டை, ஒரு கையில் சீப்போடு நின்றுகொண்டிருந்தார். ஜோயல் நெட்டில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"சுஜி, ஒத்த ஜடையா ரெட்டை ஜடையா?"

மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ரெட்டை ஜடைதான். சுள்ளென்று ஏறியது எனக்கு. "ஒங்க மககிட்டயே கேளுங்க" என்று சொல்லிக் கடந்து போனேன்.

அடுத்த சுற்றில், ஜோயலுக்கு இட்லிக்குச் சீனியா சட்னியா என்று கேட்டார். அதற்கடுத்து, ரிப்பன் நிற்க மாட்டேன் என்கிறதே என்றார். மட்டை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. இரண்டு கையிலும் எண்ணெய். கோர்ட்டில் ஹல்தார் தாதாவும், பக்கத்துத் தெரு பாலகுமாரும், இன்னொருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று பேர்தான், எண்ணிப் பார்த்தேன்.

"சிஸ்டர், ஒரு செட்டு ஆடிட்டு அனுப்புறோமே" என்றார் பாலகுமார்.

"பஸ்காரன் ஒங்க செட்டுக்காக நிப்பானா அண்ணே?" என்றேன். அவர் ஷட்டிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ் வந்தது. ஜெரின் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஜோயலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆன்சியின் ஜடை ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றும் தீதி படியில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஜோயலை வாங்கக் கை நீட்டவில்லை. ஆன்சியிடம் குனிந்து கேட்டார்.

"யே கௌன் ஹை, பேட்டா?"

இவர் யார் என்று கேட்கிறார். நான் கேட்டுக்கு அருகில் வந்திருந்தேன், தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்காகவும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

"பாப்பா ஹை" என்றாள் ஆன்சி. பாப்பா என்றால் இங்கே அப்பா.

பஸ் போனது. ஜெரின் அங்கேயே நின்றார். நான் நிற்காமல் அவரைக் கடந்தேன். அவர் என் கூடவே நடந்து வந்தார், கையைத் துடைக்கக்கூட இல்லை. பாதிச் சுற்று தாண்டினோம்.

"நாளைக்கும் இப்பிடித்தான் மூணு பேரும் வருவியளா?" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல. நாளைக்கு நான் மட்டுந்தான் வருவேன்" என்றேன்.

அவர் கோர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்குப் போய், இட்லி டப்பாவை மூடி, சீப்பையும் எண்ணெய்ப் பாட்டிலையும் கட்டைப்பையில் எடுத்து வைத்தார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இன்னும் ஒரு சுற்று நடந்தேன்.