அவள் தலையில் பழகிய கைகள்

சீப்பு பாதி தலையிலேயே சிக்கிக்கொண்டது. மகள் மெதுவாக இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. காதுக்கு மேலே ஒரு முடிக்கற்றை வெள்ளையாகக் காய்ந்து விறைத்திருந்தது.

“அப்பா, அம்மா தலையில என்னப்பா இது?”

“பசைதான். நேத்து காலேஜுக்குப் போயிட்டு வந்தா இல்ல,” என்றார் டிப்போக்காரர். “தேய்ச்சுக் குளின்னேன். காலையில பாத்துக்கறேன்னா.”

அந்தக் காலையில்தான் அவள் போய்விட்டாள். டீயைக் குடித்து டம்ளரை வைத்தாள், நாற்காலியில் சாய்ந்தாள், அவ்வளவுதான். எந்தக் காரியத்தையும் இழுத்தடிக்காத மனுஷி, இதையும் இழுத்தடிக்கவில்லை. தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து பேசிவிட்டார்கள். செத்த பிறகு தன் மூளையை அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரர் முதல் தையல்காரர் வரை தெருவில் அது தெரியாதவர் கிடையாது. ஆனாலும் புருஷன் வாயைத் திறந்து சரி என்று சொன்னால்தான் தொடுவார்களாம். மத்தியானம் நேரில் வந்து கேட்கிறோம், அதற்கு மேல் தள்ளினால் பிரயோஜனப்படாது என்றார்கள். சரி என்றால் சாயங்காலமே அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அடக்கம் நாளைக்குத்தான்.

“மச்சான், ஒரேயடியா முடியாதுன்னு சொல்லிடுங்க,” என்றார் அவளுடைய அண்ணன். சேதி கேட்டுப் போட்ட சட்டையோடு ஓடி வந்தவர். “முழுசா வந்தவ முழுசாப் போகட்டும். இருபது வருஷமா அவ தலையை நோண்டினது பத்தாதா அவங்களுக்கு?”

“மாமா, அது அம்மா ஆசை,” என்றாள் மகள், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருவரும் டிப்போக்காரரைப் பார்த்தார்கள். அவர் பிடிகொடுக்கவில்லை. பெண்டாட்டியை வெட்டக் கொடுக்க மனசு வரவில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவரைத் தடுத்தது வேறு ஒன்று. அது அவருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

இருபது வருஷத்துக்கு முன்னால், அந்தத் தெருவில் பல்கலைக்கழகம் என்பது மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு மாடி. கீழே கட்டில் மெத்தை, மேலே ஆராய்ச்சி. தூக்கம் வந்தால் இறங்கி வந்துவிடலாம் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். இவர் அப்போது எதிர்ச்சாரியில் இருந்த பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு நாள் சுருட்டை முடியும் கண்ணாடியுமாக ஒரு மாணவி வாசலில் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவர்கள் யாராவது மூளை ஆராய்ச்சிக்கு வருவீர்களா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள், வீடு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். இவர் பெண்டாட்டி மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். வேறு யாரும் வராததால் அங்கே இவளுக்கு ஒண்ணாம் நம்பர் என்று பெயர். இவள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் சுருட்டை.

மெஷின் எல்லாம் அப்போது ஏது? ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சுருட்டை படிக்கும் வார்த்தைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவள் நின்ற வேகத்தில் காலை ஊன்றிவிட்டாள். வார்த்தைகளில் பாதி வாய்க்கே வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

“பாவங்க அந்தப் பொண்ணு. முகமே வாடிப்போச்சு. என்னால அவ ஃபெயிலாயிடுவாளா?”

“பரீட்சை உனக்குத்தானேடி?”

“படிக்கிறவ அவ. அப்ப மார்க்கு யாருக்கு?”

மறுநாளிலிருந்து அவள் சிங்க் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுதான் பாத்திரம் கழுவினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். அவர் சவரம் செய்யும்போது பக்கத்தில் வந்து நின்று குடை, ஜன்னல், குதிரை, எலுமிச்சம்பழம் என்று ஒப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் வார்த்தைகளை மாற்றிவிடுகிறார்கள் என்று தெரிந்தும் அசரவில்லை. மளிகைச் சாமான், பஸ் ரூட், தெருவில் போகிற வண்டியின் நம்பர், எது அகப்பட்டாலும் மனப்பாடம். வெளியே மூச்சு விடவில்லை.

பல்கலைக்கழகம் வளர்ந்தது. மரச்சாமான் கடையை எடுத்துக்கொண்டது, மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையை எடுத்துக்கொண்டது, கடைசியில் டிப்போவையே எடுத்துக்கொண்டது. டிப்போ ஊருக்கு வெளியே போயிற்று. ரிட்டயராகும் வரை அவர் இரண்டு பஸ் மாறிப் போய் பஸ் ரிப்பேர் பார்த்தார். பஸ்ஸுக்கு அடியில் அவர் நின்று வேலை பார்த்த குழிக்கு மேல் இப்போது நூலகம். ஏழு மாடி எழும்பியதில் வீட்டுக்கு வரும் வெயிலும் நின்றது.

“உன் ஆளுங்க வெயிலையும் எடுத்துக்கிட்டாங்க,” என்பார்.

“ராத்திரி பூரா லைட் எரியுதே, அதை நீங்க எடுத்துக்கோங்க,” என்பாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ‘நம்ம காலேஜ்’ என்றுதான் சொல்லுவாள். எந்தப் புது மெஷின் வந்து இறங்கினாலும் முதலில் உள்ளே போவது இவள் தலைதான். தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டிப் பார்க்கிற மெஷினும் அப்படித்தான். வாராவாரம் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பழைய டிப்போ கேட் வழியாகவே உள்ளே போவாள். வந்து, எந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது, எந்த மரத்தை வெட்டாமல் விட்டார்கள் என்று வாய் ஓயாமல் சொல்லுவாள். அவர் காது கொடுத்துக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அந்த மூளையைத்தான் கேட்கிறார்கள்.

டிப்போவில் வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ஒரு பஸ்ஸின் நல்ல டயர்களைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். இதை நம்பித்தானே ஜனங்கள் ஏறுவார்கள் என்று அன்றெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது. இவளும் இருபது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு டயர் மாற்றியவள்தான். பழகிப் பழகிக் காட்டியதை நிஜம் என்று நம்பி, அந்த மூளையை வைத்து என்னென்ன எழுதப்போகிறார்களோ? சொல்லாமல் கொடுத்தால் அவள் உயிராக நினைத்த இடத்தை ஏமாற்றியதாகும். சொன்னால், செத்த அன்றைக்கே அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் ஆசை போச்சு. மனுஷர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

சுருட்டை மத்தியானம் வந்தாள். இப்போது அவள்தான் துறைத்தலைவி. முடி பாதி நரைத்திருந்தது, சுருள் மட்டும் குறையவில்லை. பின்னால் ஒரு மாணவி, அழுது மூக்கெல்லாம் சிவந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். சுருட்டை அவளைக் கிடத்தியிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அந்த வெள்ளைக் கற்றையைத் தொட்டாள்.

“இது இந்தப் பொண்ணு ஒட்டினது. நேத்துதான் இவளுக்கு முதல் நாள். பயத்துல பசையை அள்ளி அப்பிட்டா. ஆன்ட்டி ஒண்ணும் சொல்லலை. தாராளமா போடும்மா, உன் வீட்டுக் காசான்னு சிரிச்சாங்க.”

மகள் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தாள். இருவருமாக ஊறவைத்து, நுனியிலிருந்து மெல்ல மெல்லத் துடைத்தார்கள். பசை கரைந்து முடி பிரிந்தது. மகள் வாரி முடித்தாள். அதற்கப்புறம்தான் சுருட்டை அவர் பக்கம் திரும்பினாள். அவள் கேட்பதற்குள் அவரே எழுந்துவிட்டார்.

“கொஞ்சம் உள்ள வாம்மா.”

அடுக்களையில் போய் நின்றதும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“பஸ்ஸை எடுத்துக்கோ. இன்ஸ்பெக்‌ஷன்னு வருது. முந்தின நாளு நாங்க என்ன பண்ணுவோம்...” என்று தொடங்கி, டயருக்குப் போய், பிரேக்குக்குப் போய், சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்.

சுருட்டை சிங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையின் விளிம்பில் கை ஊன்றி ஊன்றி ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அங்கே தன் கையை வைத்துப் பார்த்தாள்.

“இங்க நின்னுதான் பிராக்டிஸ் பண்ணுவாங்களா அங்கிள்?”

அவர் பிரேக்கைப் பாதியிலேயே விட்டார்.

“உனக்கு... தெரியுமா?”

“ரெண்டாம் வருஷமே தெரியும். வயசு ஏற ஏற எல்லாருக்கும் நம்பர் இறங்கும். இவங்களுக்கு மட்டும் ஏறுச்சு. ஸ்டாப்வாட்ச்தான் ரிப்பேர்னு கழட்டிப் பாத்தோம். அப்புறம் ஒரு நாள் வராண்டாவுல ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு, பஸ் ரூட்டெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“அப்ப அவ மார்க்கெல்லாம்?”

“கணக்குல சேக்கலை அங்கிள்.” அவள் தரையைப் பார்த்தாள். “எங்க கட்டுரை ஒண்ணுலயும் அவங்க நம்பர் கிடையாது.”

“பின்ன எதுக்கும்மா வாராவாரம் கூப்பிட்டீங்க?”

பக்கத்து வீட்டுக் காபியோடு வந்த மகள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். சுருட்டை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“முதல் வருஷம் இவங்களைத் தவிர யாருமே வரலை. ஒருத்தராவது வர்றாங்கன்னு சொல்லித்தான் எங்க துறையை மூடாம வச்சாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு... ஒரு மனுஷத் தலையை முதல் தடவை தொடறப்ப கை நடுங்கும் அங்கிள். எனக்கு ரொம்ப நடுங்கும். ‘நடுங்கட்டும், நான் எங்க ஓடப்போறேன்’ம்பாங்க. இவங்க தலையிலதான் எனக்கு நடுக்கம் போச்சு. எனக்கப்புறம் வந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான். இன்னிக்கு எங்கெங்கயோ ஆஸ்பத்திரியில, எத்தனையோ பேர் தலையைத் தொட்டு வேலை பாக்கறாங்க. எல்லாமே இவங்க தலையில பழகின கைங்க.”

“மார்க்கு சேக்கலைன்னு அவகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லலை. சொன்னா வராம போயிடுவாங்களோன்னு பயம். அவங்க எங்களை ஏமாத்தினாங்க, நாங்க அவங்களை ஏமாத்தினோம்.”

டிப்போக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டில் புருஷன் சிரிக்கிறான் என்று மச்சான் நினைக்கப்போகிறாரே என்று அடக்கப் பார்த்ததில் அது அழுகையாகத் திரும்பியது. காலையிலிருந்து வராத அழுகை. ஒவ்வொரு வாரமும் அவள் எவ்வளவு சந்தோஷமாக அந்த கேட்டுக்குள் போய்வந்தாள்! வெயிலை எடுத்துக்கொண்டவர்கள் என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறார். தேவையில்லாத நம்பருக்காக அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்து, எப்படி இருக்கீங்க என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அந்தச் சுருட்டை முடியைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

“அப்ப மூளை மட்டும் எதுக்கும்மா? மரியாதைக்குக் கேக்கறதுன்னா வேணாம்.”

“மரியாதைக்கு இல்ல அங்கிள். எல்லாரும் மறந்துக்கிட்டு வர்ற வயசுல, இருபது வருஷம் விடாம பழகின மூளை. நாங்க வேற எங்க போய்த் தேடறது?” அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “இந்தத் தடவை கண்டிப்பா கணக்குல சேப்போம்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எடுத்துக்கோங்க,” என்றார்.

கூடத்துக்கு வந்து அண்ணனிடமும் அதையே சொன்னார். அண்ணன் தங்கையின் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, நிலைப்படியில் நின்ற மாணவியைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“கை நடுங்காத ஆளா பாத்து செய்யச் சொல்லும்மா,” என்றார் சுருட்டையிடம்.

தெருவைத் தாண்ட வேண்டியதுதான் தூரம். அவளை ஏற்றிய வண்டி மெதுவாக ஊர்ந்தது, டிப்போக்காரர் கூடவே நடந்தார். டிப்போவை மாற்றிய பிறகு அந்த கேட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. கேட் மட்டும் பழசு, பெயின்ட் புதுசு. உள்ளே நூலகத்து வாசலிலும் மாடி வராண்டாக்களிலும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிட்டு நிறுத்தியதாகத் தெரியவில்லை. சிலர் அழுதார்கள். ஒரு பையன் கையிலிருந்த காபியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். இத்தனை பேருக்கும் இவளைத் தெரியுமா என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. அதற்கு மேல் அவர் போகக்கூடாது.

“அடுத்த வாரம் இந்தப் பொண்ணு யார் தலையில கத்துக்கும்?” என்று கேட்டார்.

சுருட்டை மாணவியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“என்னுதுல முடியும் கிடையாது. பசை எவ்வளவு அப்பினாலும் ஒரு துணியில துடைச்சிடலாம்.”

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “வாங்க அங்கிள். ஆனா ஒண்ணு. வீட்டுல பிராக்டிஸ் பண்ணக் கூடாது.”

“சேச்சே,” என்றார்.

சாயங்காலம், அவளைக் கொண்டுவந்து விடுவதற்காக வீடு காத்திருந்தது. அண்ணன் வாசலில் நாற்காலிகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மகள் சீப்பைக் கழுவி வைக்க அடுக்களைக்குப் போனாள்.

டிப்போக்காரர் சிங்க் முன்னால் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலையில் அம்மா டீ குடித்த டம்ளர் கையில் இருந்தது. இன்னொரு கை மேடையின் வழவழப்பான இடத்தில் ஊன்றியிருந்தது. குழாயைத் திறந்தார். வலது காலைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கினார். பிறகு ஊன்றிய கையையும் எடுத்தார்.

மகள் கூப்பிடவில்லை. நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தில் நொடி முள்ளைப் பார்த்தாள்.