நான்கு முறை அழித்த புத்தகம்

பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. எனக்கு இது மூன்றாவது முறை. என்னிடம் ஒரே ஒரு மாதிரித் தேர்வுப் புத்தகம்தான். பென்சிலால் விடைகளை வட்டமிடுவேன், தவறியவற்றுக்குச் சரியான விடையை வட்டமிட்டுத் திருத்துவேன், ரப்பரால் அழிப்பேன், மறுபடி தொடங்குவேன். புதிதாக ஒன்று வேண்டும் என்று வீட்டில் கேட்கவில்லை. இரண்டு முறை கோட்டை விட்டவள் எந்த முகத்தோடு கேட்பது?

வடிவங்கள் பகுதிதான் எப்போதும் காலை வாரும். அடுக்கிய கட்டைகளில் எத்தனை மறைந்திருக்கின்றன, மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் எப்படித் தெரியும் என்று நாற்பது கேள்விகள். குறைந்தது முப்பது சரியாக இருக்க வேண்டும். முதல் சுற்றில் பத்தொன்பது எடுத்தேன். பிறகு இருபத்தாறு, முப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை முப்பத்தாறு.

அந்த முப்பத்தாறை நம்பித்தான் சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் பேசினேன். அவருடைய கிளினிக்கில் இரண்டு வருடமாகக் கருவிகளைக் கழுவி, சுத்தப்படுத்தி, தட்டில் அடுக்குகிறேன். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்.

"வேண்டாம் டாக்டர். இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சிடும்."

அவரிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"சரிம்மா. அப்ப வேற ஆள் பாத்துக்கறேன்" என்று கையுறையைக் கழற்றிப் போட்டார்.

ஞாயிறு மதியம் தங்கை என் கட்டிலில் வந்து விழுந்தாள். தையல் கடையில் அளவு சரியில்லாத துணிகளைப் பிரித்துத் தைப்பது அவள் வேலை.

"என்னக்கா, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"கண்ணு எரியுது. பேசாம படு."

அவளா படுப்பாள்? புத்தகத்தைப் பிடுங்கினாள். பக்கத்தில் விரலை ஓட்டியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இதுல எழுதியிருக்கியா?"

"அழிச்சிட்டேனே."

"எங்க அழிச்ச? நூலை உருவிட்டா ஊசி போன தடம் போயிடுமா? இரு."

கேள்விகளை இடது கையால் மூடிக்கொண்டு, வலது கை விரலால் விடைகளைத் தடவித் தடவிச் சொன்னாள். "முதல்ல ஆ. அடுத்தது ஈ. இதுல ரெண்டு இருக்கு, ஆனா இ-தான் ஆழம்."

நாற்பதையும் எழுதித் திருத்தினேன். கணக்குக்குப் பயந்து பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு முப்பத்தேழு.

"அய்யோ, அப்ப நான்தான் பல் டாக்டர்! எங்க, ஆ காட்டு."

நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சரியான விடையின் மேலேயே மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறேன். என் கண் பள்ளத்தைத் தேடிப் போயிருக்கிறது. அதை மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்டி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நாளைக்குப் போய்க் கேளேன், டாக்டரம்மாகிட்ட."

"ஒரு தடவை வாயைத் திறந்ததே பெரிய விஷயம்."

அவள் எழுந்து போய், துணி வெட்ட மாதிரி வரையும் மெல்லிய தாள் சுருளை எடுத்து வந்தாள். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, மேலே தாளை வைத்துப் படங்களைப் படியெடுத்தாள். விடைகளின் வரிசையை மாற்றி மாற்றி எழுதினாள். பாதிக் கேள்விகள் முடிவதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

இருபது கேள்விகளையும் போட்டேன். பதினைந்து வேண்டும்.

"எவ்வளவு?"

"பதினொண்ணு."

நாற்பதுக்கு இருபத்திரண்டு. பத்தொன்பதில் தொடங்கினேன். ஐந்து மாதப் பயிற்சியில் மூன்று கூடியிருக்கிறது.

தங்கை விரல்களைச் சொடுக்கெடுத்தாள். "மீதியையும் வரையட்டுமா?"

"கை வலிக்கலையா?"

"வலிக்குது."

பென்சிலைச் சீவி அவளிடம் நீட்டினேன்.