பதினான்கு நீலக் கோடுகள்

எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர் தியாகலிங்கம் ஒருவர்தான். நோத்ர-டாம்-த-கிரேஸில் மாட்டுக்கு ஏது இடம் என்று கேட்பீர்கள். மாடுகள் எங்கள் நகரம் இருக்கிற ஆற்றுத் தீவுக்கு வெளியே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டி முக்கால் மணி நேர ஓட்டத்தில் நிற்கின்றன. அவரும் மனைவி சிவநேசமும் என் வீட்டுக்கு நேர் எதிரே, சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். மேல்தளம் வாடகைக்கு. என் யன்னல் திரை கொஞ்சம் மெல்லியது. கடையில் அதுதான் மலிவாக இருந்தது.

இறைச்சி மாடுகள் என்று தெருவுக்குத் தெரியவர இரண்டு வருடம் பிடித்தது. சிவநேசம் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம். கோயிலில் யாராவது கேட்டால் "மாட்டுப் பண்ணை" என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் பால் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். தியாகலிங்கம் இருபத்தாறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். தொழில் பங்காளி பத்திநாதர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். சென்ட்-ஆன் பக்கத்து விவசாயக் கல்லூரி மாட்டுக் கொட்டிலில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். மாடு தெரிந்தவர் அவர். வீடு வைத்திருந்தவர் இவர். வீட்டை வங்கியில் ஈடு வைத்து நாற்பது பசுவும் சினைப்படுத்த ஒரு நாம்பன் காளையும் வாங்கினார்கள். நாம்பன் வெள்ளை நிறம். கோயில் வாசலில் சிமெந்தில் கட்டிவைத்த நந்தி எழுந்து நடந்தால் எப்படியோ அப்படி இருக்கும். சிவநேசம் அதற்குத் திருநீறு பூசியதை என் கைப்பேசியில் படமாகவே வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட முன்னர் சிவநேசம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கன்றுகளை விற்கலாம், வாங்குகிறவன் அதை என்ன செய்கிறான் என்பது அவன் வினை. தாய் மாட்டை மட்டும் வெட்டக் கொடுக்கக்கூடாது. இந்தக் கணக்கில் பாவம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. கேட்கவில்லை. அவர் கேட்டதும் அது ஒன்றுதான், அதிலே உறுதியாகவும் நின்றார்.

தொழில் சுலபமாகத்தான் தோன்றும். ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்று போடவேண்டும். அதுதான் அது கட்டும் வாடகை. பால் காசு கிடையாது. கன்று வயிற்றில் இல்லாத பசுவும் மற்றது தின்கிற அளவு தின்னும். பனி விழத் தொடங்கினால் ஆறு மாதத்துக்கு மேய்ச்சல் இல்லை, உருளை உருளையாகச் சுருட்டிய காய்ந்த புல்லைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

முதல் வசந்தத்தில் மூன்று கன்றுகள் செத்தன. பனி உருகிய சேற்றில் கிடந்து வயிற்றோட்டம் பிடித்தது என்றார் மிருக வைத்தியர், ஒரு இளம் கியூபெக் பெண். சிவநேசம் அதை ஏற்கவில்லை. மூன்றும் செத்தது சித்திரையில். கைவிரலை மடக்கி ஒன்பது மாதம் பின்னால் எண்ணிப் பார்த்தார். ஆடி வந்தது. ஆடியில் புதுமணத் தம்பதிகளையே பிரித்து வைப்பார்கள், இங்கே இந்த நாம்பன் மாதம் முழுக்க மாடுகளோடு நின்றிருக்கிறது, பிறகு எப்படிக் கன்று நிலைக்கும் என்றார். சித்திரை வெயிலில் பிள்ளை பெறக்கூடாது என்றுதான் அந்த வழக்கம் வந்ததாம். இங்கே சித்திரையில் நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறோம். அதை அவரிடம் யார் சொல்வது?

செத்த மூன்றில் ஒன்று செவ்வந்தியின் கன்று. செவ்வந்தி சிவப்புப் பசு. கன்றை எடுத்துப்போன பிறகும் மூன்று நாள் அந்த ஈர நிலத்தை மணந்து பார்த்துக்கொண்டே நின்றதாம். சிவநேசம் அந்த மூன்று நாளும் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற மாடுகளுக்குக் காதில் இலக்கம் மட்டும்தான். பெயர் வைத்தது அந்த ஒன்றுக்கே.

அடுத்த ஆனியில் பத்திநாதர் நாம்பனை மாடுகளோடு விட்டார். செப்டெம்பர் முதலாம் திகதி வரைக்கும் அப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு மன்னாருக்குப் பறந்தார். தங்கையின் காணிப் பிரச்சினை என்றார். அங்கே மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழாவுக்கும் நின்றார், ஆவணித் திருவிழாவுக்கும் நின்றார். காணி இன்னமும் பிரச்சினையில்தான் இருக்கிறது.

அவர் போய் மூன்றாவது வாரம் ஆடி பிறந்தது. தியாகலிங்கம் நாம்பனைப் பிடித்து வேறொரு வேலிக்குள் தனியாக அடைத்தார். ஆவணி முதலாம் திகதி, நல்ல நேரம் பார்த்து, திரும்பவும் உள்ளே விட்டார். ஊரிலிருந்து வந்த பத்திநாதர், அது எல்லா நாளும் உள்ளேதான் நின்றது என்ற நினைப்பில், சொன்ன திகதிக்கு அதை வெளியே எடுத்துவிட்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

நவம்பரில் வைத்தியப் பெண் வந்தாள். தோள்வரை கையுறையை இழுத்துவிட்டு ஒவ்வொரு பசுவாகக் கைவிட்டுப் பார்த்தாள். கன்று இல்லாததின் முதுகில் நீல மெழுகுக் கட்டியால் ஒரு கோடு போட்டாள், காது இலக்கத்தைக் கைப்பேசியில் பதிந்தாள். முதல் ஐந்து மாடுகளில் ஒரு கோடு. பத்தில் நான்கு. முடியும்போது பதினான்கு. செவ்வந்தி முதுகிலும் ஒன்று.

நாம்பனில்தான் குறை என்று நினைத்துப் பத்திநாதர் அதைப் பரிசோதிக்க வைத்தார். அதற்கும் ஒரு பில். நாம்பனில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகுதான் எதிர் வீட்டுக் குசினியில் விசாரணை நடந்தது. பேணியில் கொஞ்சம் பலகாரம் கொடுக்க நான் தற்செயலாகப் போயிருந்தேன்.

"அண்ணை, நான் போனாப் பிறகு நாம்பன் எங்க நிண்டது?"

"அங்கதான்."

"மாடுகளோடயோ?"

"ஆடி மாதம் மட்டும் அங்கால் வேலிக்குள்ள விட்டனான். இவதான் சொன்னவ."

பத்திநாதர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, சத்தம் உயர்த்தாமல்தான் கேட்டார். "மாட்டுக்கு ஆரண்ணை தாலி கட்டினது?"

"நீர் ரெண்டு மாதம் மடுவில நிண்டனீர்தானே தம்பி," என்றார் சிவநேசம். "உம்மட மாதாவுக்குத் திருவிழா எண்டால் சரி, எனக்கு ஆடி எண்டால் பிழையோ?"

 என்னிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது, பலகாரம் கொடுக்க வந்தவள் வாய் திறக்கக்கூடாது என்று பேணியைத் திறந்தேன்.

பத்திநாதர் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். பதினான்கு கன்று இல்லை. கன்று ஒன்றுக்கு இரண்டாயிரம் டொலர் வைத்தாலும், வரவேண்டிய இருபத்தெட்டாயிரம் இல்லை. பதினான்கு மாட்டுக்கும் பனிக்காலப் புல் மட்டும் மாடு ஒன்றுக்கு ஆயிரம். அடுத்த கோடையில் சினைப்பட்டால், கன்று விற்க இன்னும் இரண்டு வருடம். வங்கி அதுவரை காத்திருக்காது. இறைச்சிக்கு விற்றால் இன்றைக்கே நல்ல விலை.

"வித்தால் வீடு நிக்கும் எண்டு நான் சொல்லேல்லை அக்கா," என்றார். "விக்காட்டி நிக்காது."

சிவநேசம் அழவில்லை. கந்தசஷ்டி முடியும்வரை பொறுக்கச் சொன்னார். ஆறு நாள் விரதத்துக்குள் மாட்டைக் கசாப்புக்கு அனுப்ப முடியாது என்றார். பத்திநாதர் ஆறு நாள் புல்லின் விலையைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். பிறகு சிவநேசம் இரண்டாவதாக ஒன்று கேட்டார். பதின்மூன்றை அனுப்புங்கள், செவ்வந்தியை விடுங்கள். தியாகலிங்கம்தான் மறுத்தார். ஒன்றுக்கு இரங்கினால் பதினான்குக்கும் இரங்கவேண்டும், வீட்டை யார் பார்ப்பது என்றார். முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் அவர் மறுத்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சஷ்டியின் ஐந்தாம் நாள் சிவநேசம் பண்ணைக்குப் போனார். மாடுகளுக்குப் பழம் கொடுக்கப் போனார் என்று தியாகலிங்கம் நினைத்தார். அன்று மாலை கோயிலில் திருநீறு வாங்க நீட்டிய அவரது வலது கையில் பெருவிரலும் மற்ற இரண்டு விரலும் நீலமாக இருந்தன. வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்களா என்று கேட்டேன். "ஓம்," என்றார். ஐப்பசிக் குளிரில் யார் பெயின்ற் அடிக்கிறார்கள் என்று அப்போதே யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான்.

திங்கட்கிழமை லொறி வந்தது. மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. காது இலக்கமெல்லாம் சேறு. பத்திநாதர் நீலக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார், எண்ணினார். பதினான்கு சரி. ஏலத்தில் நல்ல விலை போனது. விற்ற சீட்டு இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது. தியாகலிங்கம் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டார்.

பனிக்காலம் முழுக்க இருபத்தாறு பசுக்கள் தின்றன. சிவநேசம் வாரத்தில் இரண்டு நாள் கணவரோடு போய் வந்தார். செவ்வந்தி எப்படித் தப்பியது என்று தியாகலிங்கம் ஒருநாள் கேட்டாராம். வைத்தியப் பெண் கணக்கில் பிழைவிட்டிருப்பாள், அதற்கும் வயிற்றில் இருக்கிறது என்றார் சிவநேசம். தியாகலிங்கத்துக்கும் அது பிடித்திருந்தது போல. மேற்கொண்டு கேட்கவில்லை.

பங்குனியில் கன்றுகள் பிறந்து விழத் தொடங்கின. சித்திரை முடிய இருபத்தைந்து. ஒன்றுகூடச் சாகவில்லை, கொட்டிலைக் காயவைத்துப் பத்திநாதர் அங்கேயே படுத்துக் கிடந்தார். செவ்வந்தி மட்டும் நன்றாகத் தின்று கொழுத்து, பெரிய வயிற்றோடு நின்றது. வைகாசியிலும் நின்றது. இனிப் பொறுக்க முடியாது என்று வைத்தியப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். கையை விட்டாள், எடுத்தாள். ஒன்றுமில்லை என்றாள். கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, நவம்பரிலும் ஒன்றுமில்லை என்றுதானே எழுதியிருக்கிறேன், இது ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

தியாகலிங்கம் வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்தார். சீட்டில் பதினான்கு இலக்கம். பதின்மூன்று சரி. பதினாலாவது இலக்கம் வேறு.

பிறகு நடந்ததைச் சிவநேசமே என்னிடம் சொன்னார். குசினி மேசையில், மத்தியானம், அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்ததாம்.

"எது போனது?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"கறுத்தக் காது மாடு."

"அதுக்கு எத்தனை மாதம்?"

"நாலு முடிஞ்சு அஞ்சு."

அவர் எழுந்து அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே போனாராம். அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்றார் சிவநேசம்.

சஷ்டியின் அந்த ஐந்தாம் நாள், கத்தரிக்கோலால் செவ்வந்தியின் நீல மயிரை அடியோடு வெட்டியெடுத்திருக்கிறார். பத்திநாதர் எண்ணுவார் என்று தெரியும், பதினான்கு வேண்டும். மெழுகுக் கட்டி கொட்டில் சுவரில் கிடந்தது. கறுத்தக் காது மாடு தன்னை இரண்டு தரம் முட்டியது என்று சொன்னார். முதல் அதைக் காரணம்போலச் சொன்னார். பிறகு, "கன்றுத்தாச்சி மாட்டை ஆரும் வளர்க்கத்தானே வாங்குவினம் எண்டு நினைச்சன்," என்றார். பிறகு, "அப்பிடி நினைக்கேல்லை," என்றார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை.

ஒரு கன்றால் வீடு போகவில்லை. பதினான்கு கன்றால் போனது. மாடு விற்ற காசு வட்டிக்கும் புல்லுக்கும் சரியாக இருந்தது, வங்கி அதற்குமேல் ஒரு நாள் அவகாசமும் தரவில்லை. வைகாசி கடைசியில் எதிர் வீட்டுப் புல்தரையில் விற்பனைப் பலகை நட்டார்கள். வீடு பார்க்க வந்தவர்கள் குசினியை அகலமாக்கவேண்டும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

செவ்வந்தியை இறைச்சிக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லொறி வந்தது. ஒரு மாட்டை ஏற்ற அடையாளம் தேவையில்லை. ஆனாலும் தியாகலிங்கம் நீல மெழுகுக் கட்டியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். பத்திநாதர், "விடுங்கோ அண்ணை," என்றார். சிவநேசம் வாங்கிக்கொண்டார். மயிர் முழுதாக முளைத்து மூடியிருந்த அதே இடத்தில் கோடு போட்டார். அவரது கையைத் தெரிந்த மாடு. அசையாமல் நின்று, அவருடைய சட்டைக் கையை நக்கிக்கொண்டிருந்ததாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிவநேசம் கோயிலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வெள்ளியும் அப்படியே. சாவுத் துடக்கு உள்ளவர்கள்தான் அப்படி நிற்பார்கள். யாருடைய சாவு, ஊரில் யாரும் போய்விட்டார்களா என்று ஆட்கள் என்னிடம் வந்து கேட்டார்கள்; வேறு யாரிடம் கேட்பார்கள்? சொந்தத்தில் ஒரு சின்னப் பிள்ளை என்றேன்.

துடக்கு முப்பத்தொரு நாள். லொறி போன நாளிலிருந்து நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றோடு ஐம்பத்திரண்டு. இன்றைக்கும் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.