எட்டடிப் பனர்

அடைக்கலநாதன் மாமா காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பின்னேரம் உடல் குருநகர் வீட்டுக்கு வருமுன் வாசலில் அவருடைய படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பனர் நிற்க வேண்டும். ஐஸ் கொம்பனியில் இரவுக் காவல் முடிந்து வந்த நான் படுக்காமல் போனிலேயே அதைச் செய்தேன்.

அவர் தனியாக எடுத்த படம் கிடையாது. இங்கே அநேகம் பேருக்கு இருப்பதில்லை; செத்த பிறகு கலியாண வீட்டுப் படத்திலிருந்து பிரித்தெடுப்போம். மகளின் கலியாணப் படத்தில், மனைவி லூர்த்தம்மாவின் தோளில் கை போட்டபடி சிரித்தார். லூர்த்தம்மாவை நான் அழிக்கவில்லை, போனில் தெரியாதபடி மறைத்து மட்டும் வைத்தேன். அழித்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. போனில் இடமில்லாததால் கோப்பை நன்றாகச் சுருக்கி, அச்சுக்கடை லெனாட்டுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தான்.

"என்னடா மச்சான், முத்திரை மாதிரி ஒண்டை அனுப்பியிருக்கிறாய்? எட்டடிக்கு இழுத்தா மூஞ்சி கல்லுக்கல்லாய் வரும். நீ வேலை செய்த ஃபைலை அப்பிடியே அனுப்பு."

"அது சரியான பெரிசடா."

"பெரிசெண்டா நல்லதுதானே."

போனிலிருந்த வீடியோக்களை எல்லாம் அழித்து இடம் பிடித்து அனுப்பினேன்.

சுருளாக வந்த பனரை மதிலில் கட்டி விரித்தேன். அடைக்கலநாதனுக்குப் பக்கத்தில் லூர்த்தம்மா சிரித்துக்கொண்டு நின்றார். இரண்டு தலைகளுக்கும் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’.

சைக்கிளில் வந்த அடுத்த வீட்டு றெஜினா காலை ஊன்றி அலறினாள்.

"ஐயோ மாதாவே, லூர்த்தக்காவும் போயிட்டாவோ!"

லெனாட்டுக்கு அழைத்தேன்.

"என்ரை கொம்பியூட்டரிலை திறக்க ரெண்டு பேரும் நிண்டவை. ஒண்டாப் போயிட்டினமாக்கும் எண்டு நினைச்சன். செத்த வீட்டிலை அதைப் போய்க் கேக்கிறதே?"

சின்னக் கோப்பு முகத்தை மட்டும் கெடுத்திருக்கும். பெரியது நான் மறைத்ததையும் கொண்டுபோய்விட்டது.

அலறல் கேட்டு லூர்த்தம்மா வெளியே வந்தார். தன் முகத்தையே பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"என்னையும் சாக்காட்டிப்போட்டியோடா?"

"இப்ப வெட்டி எடுக்கிறன் மாமி."

கத்தியைப் பிடித்து மேலிருந்து இறக்கினேன். தோளுக்கு வந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தோளில் அடைக்கலநாதனின் கை இருந்தது. போனில் அதை யோசிக்காமலே மறைத்திருந்தேன்.

"மனுசன்ரை கையை வெட்டிப்போடாதை."

கையைச் சுற்றி வெட்டினேன். லூர்த்தம்மாவின் முகம் தனித் துண்டாக என் காலடியில் விழுந்தது. சேலை கட்டிய தோள் மட்டும் பனரில் மிஞ்சியது. தெரு முனையில் பிரேத வண்டி திரும்பியது. குனிந்து, அந்தத் துண்டை எடுத்துச் சேர்ட்டுக்குள் செருகினேன்.