சம்மனசுப் பார்

"சரி, அந்தப் பார் எங்கே இருக்கு?"

பிரீனா இப்படிக் கேட்டதும், மிக்கேல்துறை தேவாலயப் பங்கு மன்றத்தில் இருந்த நூற்றைம்பது ஆண்களும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதுவரை கூரை பறக்கிற மாதிரி சத்தம். பதினேழு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த அனல்மின் நிலையத் திட்டம் திடீரென்று எழுந்து உட்கார்ந்திருந்தது. எத்தனையோ கலெக்டர்கள் வந்து போய்விட்டார்கள். கரையில் நட்ட சர்வே கற்களில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதிக் கற்களில் வலை காயப் போடுகிறார்கள். இனி வராது என்று எல்லோரும் மறந்த நேரத்தில் கோப்பு கடைசி மேஜைக்கு வந்துவிட்டது.

நிலக்கரிக் கப்பல் கரையை நெருங்க, கடலுக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் தோண்ட வேண்டும். தோண்டுகிற வழியெல்லாம் வெறும் மணல்தான் என்றது கம்பெனியின் அறிக்கை. அது சரிதானா என்று பார்த்து வர அரசின் நிபுணர் குழு அனுப்பிய கடல் ஆராய்ச்சியாளர் பிரீனா. மார்த்தாண்டத்துப் பெண், முப்பது வயது.

"மணலா? பார் இருக்கு! மீன் அடையுற பார் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான் இப்போது வாயைத் திறக்கவில்லை.

கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் அங்கே பார் என்பார்கள். மணலில் மேயும் மீன் ஓடிவிடும். பாரில் அடையும் மீன் தங்கும். கலவாவும் கணவாயும் சிங்கி இறாலும் அங்கேதான். குடும்பத்துக்கு ஒரு பார் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை அடுத்த வீட்டுக்காரனுக்குச் சொல்ல மாட்டார்கள். ஜிபிஎஸ் கருவியில்கூடப் பதிந்து வைக்க மாட்டார்கள். கருவி ரிப்பேருக்குப் போனால் ரகசியமும் கூடவே போய்விடும். எல்லாம் கணியம்தான். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வேறு இரண்டை இன்னொரு கோட்டில். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் அடியில் பார் இருக்கும்.

"மேடம், பொதுவா பார் உண்டுன்னு எழுதிருங்க" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பொதுவா எழுத முடியாது அண்ணே. இன்ன இடம்னு புள்ளி வச்சுக் காட்டணும்."

"அதை யாரெல்லாம் பாப்பாங்க?"

"இணையத்தில் போடுவாங்க. யார் வேணும்னாலும் பாக்கலாம்."

மறுபடி தலைகள் குனிந்தன.

"நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு இருக்கு. யாரும் காட்டலைன்னா மணல்னுதான் நானும் எழுதணும்" என்றாள் பிரீனா.

மூன்றாவது வரிசையில் இருந்த அல்போன்ஸ் சுவரில் தொங்கிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாயைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார்கள். கரையிலிருந்து நாலாவது கிலோமீட்டரில் அந்தக் கோடு ஏறிப் போகிற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். காவல் தூதரை நினைத்து அவருடைய அப்பா சம்மனசுப் பார் என்று பெயர் வைத்த இடம் அது. இப்போது அது அவருக்கும் தம்பி பிபினுக்கும் மட்டும் தெரிந்த சொத்து. சொன்னால் நூறு வள்ளம் வந்து நிற்கும். சொல்லாவிட்டால் தோண்டுகிற கப்பல் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிபின் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, வாயத் திறந்திராதீங்க. ரெண்டே மாசத்துல மொட்டையாக்கிருவானுவ. எனக்க பிள்ள பிளஸ் டூ கூட முடிக்கல."

"தோண்டிட்டா?"

"எங்க தோண்ட? இது பதினேழு வருஷமா இழுக்குற கேசு. இன்னும் பதினேழு வருஷம் இழுக்கும்."

அல்போன்ஸின் மனைவி லீமா சந்தையிலிருந்து வந்து மீன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏலே பிபினு, அது சும்மா இழுக்கல. நாம கத்துனதால இழுத்துது. இப்ப நூத்தம்பது ஆம்பிளையளும் வாயில கொழுக்கட்டைய வச்சிட்டு இருந்துட்டு வந்திருக்கிய. நாளையோட முடிஞ்சிரும்."

"மைனி, ஒங்களுக்குக் கடல் காரியம் தெரியாது."

"தெரியாண்டாம். விக்கியதுக்கு மீனு வேணும்னு மட்டும் தெரியும்."

அல்போன்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு பிரீனா தங்கியிருந்த கன்னியர் மடத்துக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"காட்டுகேன். ஆனா ஒனக்க கருவிய அணைச்சு வச்சிரணும். கண்டபெறவு, எழுதலாமா கூடாதான்னு நான் சொல்லுவேன். சம்மதமா?"

"புள்ளி இல்லாம நான் எழுதினா அது செல்லாதே, அண்ணே."

"அது எனக்க பாடு மோளே. மொதல்ல வா."

விடிந்ததும் புறப்பட்டார்கள். மாசி மாதத்துக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பிபின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ஜினைப் பிடித்தான். ஜிபிஎஸ் கருவி அணைந்து அல்போன்ஸின் மடியில் இருந்தது. பிரீனாவின் போனையும் கேட்டு வாங்கிக்கொண்டான் பிபின். மைனியின் சோற்றுத் தூக்குக்குள் போட்டு மூடினான்.

பின்னால் ஒரு நீல வள்ளம் தெரிந்ததும் அல்போன்ஸ் கையைக் காட்டினார். பிபின் என்ஜினை அணைத்தான். இருவரும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார்கள்.

"என்ஜின் கெட்டுப் போச்சா?" என்றாள் பிரீனா.

அல்போன்ஸ் நிமிர்ந்தார். வெட்கமாக இருந்தது. "இல்ல மோளே. பின்னால வள்ளம் வந்தா நாங்க இப்படித்தான். பழக்கம்."

"அது ஆன்ஸ்லினுக்க வள்ளம். மோப்பம் பிடிச்சு வாறான்" என்று முணுமுணுத்தான் பிபின்.

"வரட்டு. நீ விடு."

முட்டம் கலங்கரை விளக்கம் மெல்ல நகர்ந்து மருந்துவாழ் மலையின் உச்சிக்கு நேராக வந்து நின்றது. வடக்கே ஊர்க் கோயில் குருசு வேளிமலையின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. "நிறுத்து" என்றார் அல்போன்ஸ்.

பிரீனா நீளமான கேபிளில் கட்டிய கேமராவை இறக்கினாள். வள்ளத்தின் நடுவில் ஒரு சின்னத் திரை. சாக்கைப் போட்டு வெயிலை மறைத்துக்கொண்டு சகோதரர்கள் இருவரும் தலையை உள்ளே நுழைத்தார்கள்.

முதலில் வெறும் பச்சை. ஐந்து பாகம், ஏழு பாகம் ஆழம். பிறகு பச்சைக்குள்ளிருந்து ஏதோ எழும்பி வந்தது.

முப்பது வருடமாக அந்த இடத்தை அல்போன்ஸ் விரலால்தான் அறிந்திருந்தார். ஈயக்குண்டு பாறையில் தட்டும்போது தூண்டில் கயிறு வழியாக ஒரு 'டக்' வரும். அவருக்குத் தெரிந்த சம்மனசுப் பார் அந்த 'டக்' மட்டும்தான்.

இது வேறு. பாறை சுவராக எழுந்து நின்றது. சுவர் முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாக விசிறிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம், நீரோட்டத்தில் மெல்ல ஆடின. திருவிழாச் சப்பரம் ஜோடித்த மாதிரி ஒரு மூலை விடாமல் பூத்திருந்தது. ஒவ்வொரு பொந்திலிருந்தும் சிங்கி இறாலின் மீசை நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று திரையின் இடது பக்கம் நுழைந்தது. நுழைந்துகொண்டே இருந்தது. வால் முடிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அண்ணே..." என்றான் பிபின். மீனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரல் இறங்கிவிட்டது.

குகை போன்ற ஓரிடத்திலிருந்து ஒரு கலவா வெளியே வந்தது. ஆள் பருமன். கேமராவுக்கு நேராக வந்து நின்று வாயை ஒருமுறை திறந்து மூடியது. ஆயிரம் கலவாவைத் தூண்டிலில் தூக்கிய பிபின், திரையிலிருந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் குருசு வரைந்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்கள் என்று தெரியவில்லை. தற்செயலாகச் சாக்கை விலக்கிக் கரையைப் பார்த்த அல்போன்ஸ் திடுக்கிட்டார். கோயில் குருசு வேளிமலையின் பள்ளத்தை விட்டு எங்கேயோ போயிருந்தது. வள்ளம் நீரோட்டத்தில் கிழக்கே நெடுந்தூரம் வந்துவிட்டது.

"பார் முடிஞ்சு மணல் தெரியுதா?"

"இல்லையே. பாறைதான் போயிட்டே இருக்கு" என்றாள் பிரீனா.

"இருக்காது. எங்க பார் நாலு வள்ள நீளம்தான்."

"நீங்களே பாருங்க."

பார்த்தார். விசிறிகள், பொந்துகள், மீன்கள். முடிவே இல்லை.

அப்போது நீல வள்ளம் அலறிக்கொண்டு வந்தது. அதன் முன்முனையில், அணியத்தில் ஆன்ஸ்லின் நின்றான். "ஏலே அல்போன்ஸு! எனக்க பாருல ஒனக்கு என்னலே வேல?"

சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இருபது வருடம் பூட்டி வைத்ததை அவனே ஊருக்கு உடைத்துவிட்டான். அவனுடைய ஆட்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அல்போன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒனக்க பாரா? இதா?" என்றார். "இஞ்ச வா மக்கா. வந்து பாரு."

ஆன்ஸ்லின் தாவி ஏறினான். சாக்குக்குள் தலையை நுழைத்தான். வாயாடி என்று பெயரெடுத்தவன், தலையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"ரெண்டும் ஒண்ணாக்கும்" என்றார் அல்போன்ஸ். "எங்க பாருல கேமராவ எறக்குனோம். மணலே காணாம ஒனக்க பாருக்கு வந்து சேந்துட்டோம்."

"அதான்... ஒனக்கு மீன் படாத அன்னைக்கு எனக்கும் படாது" என்றான் ஆன்ஸ்லின். "நீ செய்வினை வச்சிட்டேன்னு நெனச்சேம்லே."

"நான் நீ வச்சேன்னு நெனச்சேன்" என்றான் பிபின்.

அல்போன்ஸ் பிரீனாவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிசுன்னா, கால்வாயைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொண்டுபோவானுவளா?"

"இது குறுக்கே சுவர் மாதிரி கிடக்கு அண்ணே. ஒதுக்கிக் கொண்டுபோக எடமே இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு புள்ளி புள்ளியா வச்சாத்தான் நான் அதை எழுத முடியும்."

அல்போன்ஸ் தம்பியைப் பார்த்தார். பிபின் சோற்றுத் தூக்கைத் திறந்து, போனை எடுத்து, சாரத்தில் துடைத்து பிரீனாவிடம் நீட்டினான். அண்ணனின் மடியிலிருந்த ஜிபிஎஸ் கருவியை அவனே உயிர்ப்பித்தான்.

"மொதல்ல நம்ம எடத்துல இருந்து பிடிப்போம்" என்றான். "பெறவு கெழக்க."

திரும்பிப் போய் சம்மனசுப் பாரில் முதல் புள்ளி. பிறகு ஆன்ஸ்லினின் இடம். அதைத் தாண்டியும் பாறை போயிற்று. அது யாருடைய இடம் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரியாது. ஆன்ஸ்லினுக்கு மட்டும் ஒரு சம்சயம். "ஞானதாசன் அடிக்கடி இஞ்ச என்ஜின் ரிப்பேர் பாப்பான்" என்றான்.

போனைப் போட்டார்கள். ஞானதாசன் கரையில் சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பாரா? போங்கலே, எனக்குப் பாரும் இல்ல கூரும் இல்ல" என்றான்.

அல்போன்ஸ் திரையில் தெரிவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். சுவரின் உயரத்தைச் சொன்னார். விசிறிகளைச் சொன்னார். அந்தக் கலவா வாயைத் திறந்து மூடியதைச் சொன்னார். அந்தப் பக்கம் சாயா உறிஞ்சும் சத்தம் நின்றுபோயிற்று.

"நீங்க நிக்க எடத்துல" என்று ஞானதாசன் கடைசியில் மெல்லக் கேட்டான், "முட்டம் வெளக்கு எதுக்கு நேரா நிக்குது?"

அல்போன்ஸ் பார்த்துச் சொன்னார்.

"அப்ப இன்னும் கொஞ்சம் தெக்க போணும்" என்றான் ஞானதாசன். "போங்க. நான் லைன்ல இருக்கேன்."

பிபின் வள்ளத்தைத் தெற்கே திருப்பினான். நீல வள்ளம் என்ஜின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தது. திரையில் இன்னும் மணல் வரவில்லை.