மூவாயிரத்து ஐந்நூற்று முப்பது

1

இந்தக் கதை நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள், அந்த இடம் இனிமேல்தான் வருகிறது. அதுவரை, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்தேன்.

முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் நடுவே, செம்பாறைச் சுவர்களுக்கு இடையில், அந்த ஏரி ஒரு..."

(ஒரு என்ன? உவமை வரவில்லை. வந்திருந்தாலும் சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரிதான் இருந்திருக்கும்.)

இரண்டாவது: "கணவனின் உடலுக்காக ஏரி வற்றக் காத்திருந்தாள் டெல்ஃபா."

(விஷயம் இதுதான். ஆனால் எழுபத்தொரு வயதுக்காரரை 'ள்' போட்டு எழுதக் கை வரவில்லை. 'ர்' போட்டால் வாக்கியம் விறைத்துக்கொள்கிறது. போகட்டும், விறைக்கட்டும்.)

2

அந்த ஏரிக்கரையில் உள்ள பேஜ் என்ற ஊரின் படகுத்துறையில் நான் எஞ்சின் மெக்கானிக். எழிலன் என்ற என் பெயர், நான் இங்கே வந்த வாரமே ஆலன் ஆகிவிட்டது.

இங்கே யாரும் ஏரியின் ஆழத்தைப் பேசமாட்டார்கள். நீர்மட்டம் கடலுக்கு மேல் எத்தனை அடி என்பதுதான் பேச்சு. அதற்கு நம்பர் என்று பெயர். நம்பர் இறங்கினால் துறை மூடும், மோட்டல்கள் காலியாகும், ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். டெல்ஃபா மட்டும் என்னிடம் நம்பரைக் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போவார்.

அவர் கணவர் ஓரின், இருபத்து மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்டில், பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றின் கடைசி இடுக்குக்குள் தன் சின்னக் கேபின் படகில் தனியாகப் போனார். எங்கோ மேலே பெய்த மழை பாறை விளிம்பிலிருந்து கல்லும் மண்ணுமாகக் கொட்டியது. படகு மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கயிறு விட்டுப் பார்த்தவர்கள் ஆழம் 165 அடி என்றார்கள். அன்றைய நம்பர் 3695. டெல்ஃபா ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். 3530. ஏரி அந்த நம்பருக்கு இறங்கும் நாளில் ஓரின் தரையில் கிடப்பார்.

3

டெல்ஃபாவை எழுத எழுத ஒரு சந்தேகம். ரொம்பப் பொறுமைசாலியாக வந்துவிட்டாரோ? இல்லை, அவருக்கு வாய் உண்டு. ஏரிக்குத் தண்ணீர் தரும் மலைகளில் நல்ல பனி விழுந்த ஒரு வருடம், தேவாலயத்தில் எல்லாரும் தண்ணீருக்காக நன்றி சொல்லி ஜெபித்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு பெண்மணி வந்து நியாயம் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கெல்லாம் தண்ணி வேணும். எனக்கு ஓரின் வேணும். ரெண்டும் ஒரே எடத்துல கெடக்கே, நான் என்ன பண்ண?" என்றாராம்.

(சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் அந்த மெக்கானிக். இந்தக் கதையில் அவன் என்னைவிட நல்லவனாகத் தெரிகிறான். கவனமாக இருங்கள்.)

4

போன ஏப்ரலில் நம்பர் 3524. என் இருபத்திரண்டு அடிப் படகில் கிளம்பினோம். இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு. டெல்ஃபா ஒரு பை கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை. அவர்கள் சபையில் வெள்ளை உடுத்தித்தான் புதைப்பார்கள். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

இரண்டாம் நாள் காலை இடுக்குக்குள் நுழைந்தோம். படகைத் திருப்ப அகலமில்லை, திரும்புவதானால் பின்னோக்கியேதான் வரவேண்டும். டெல்ஃபா முகப்பில் உட்கார்ந்து துடுப்பால் பாறையைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு வளைவு தாண்டியதும் படகு சத்தமில்லாமல் நின்றது.

எதிரே சேறு. சுவரிலிருந்து சுவர்வரை, ஆள் உயரத்துக்கும் மேலே.

"இங்க வெறும் பாறை இருக்கணுமேப்பா" என்றார்.

ஒவ்வோர் ஆகஸ்டும் வெள்ளம் மண் கொண்டுவரும். இருபத்து மூன்று ஆகஸ்ட். நம்பர் மேலிருந்து இறங்க இறங்க, தரை கீழிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. மேல்மட்டத்தையே பார்த்துப் பழகிவிட்டோம். பன்னிரண்டு அடிக் கம்பைச் சேற்றில் இறக்கினேன். முழுசாக இறங்கியது.

எனக்கு ஆச்சரியமே இல்லை. நின்றுபோன படகுகளை இழுக்க இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இதே கம்பை இறக்கியிருக்கிறேன். ஐந்து வருடமாகத் தெரியும். அவர் சேற்றைப் பற்றிக் கேட்கவில்லை, நம்பரைத்தான் கேட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமா, ஆலன்?"

முடிவு அ: "தெரியாது" என்கிறான் மெக்கானிக்.

முடிவு ஆ: "தெரியும்" என்கிறான். டெல்ஃபா மெதுவாகத் திரும்பி...

(நான்கு தடவை எழுதினேன். திரும்பும் அந்த முகத்தை எழுத முடியவில்லை.)

முடிவு இ: மழை வருகிறது, வெள்ளம் சேற்றை அறுக்கிறது, ஒரு படகின் விளிம்பு... (வெட்கக்கேடு. அடித்துவிட்டேன்.)

நடந்தது அ.

"தெரியாதுங்க" என்றேன். அவர் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"நீயும்தான் எவ்ளோ ஆசையா வந்திருப்ப. பாவம்."

எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டேன். வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது.

6

அந்தக் கோடையில் மலைப் பனி உருகி நம்பர் அறுபது அடி ஏறியது. ஊரில் விருந்து. டெல்ஃபா இன்னும் மாதம் ஒருமுறை துறைக்கு வருகிறார், கேட்கிறார். நானும் சொல்கிறேன்.

இதை ஏன் தமிழில் எழுதினேன் என்று கேட்கலாம். தாய்மொழிப் பற்று என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காரணம் அதுவல்ல, இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

உங்களுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்கும். டெல்ஃபாவின் வீடு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மூன்றாவது, பச்சைக் கதவு. தட்டினால் அவரே வந்து திறப்பார். என்னிடமிருந்து வருவதாகச் சொன்னால், உட்காரச் சொல்வதற்கு முன்பே நம்பர் என்ன என்று கேட்பார்.